விரல்நுனியிலும் அகிம்சை

(கண்ணமங்கலத்தில் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



“பிள்ளை எந்நேரமும் கைப்பேசியும் கையுமாக இருக்கிறான், என்ன செய்வது?” என்பதே இன்று பெற்றோர் பலரின் கவலை. கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது ஒருநாள் தீர்வாகலாம். வீட்டுப்பாடமே வாட்ஸப்பில் வரும் இக்காலத்தில் அது நெடுநாள் பயன்தராது. எதைக் காண்பது, எதைப் பகிர்வது என்று தேரும் அறிவைப் பிள்ளைக்கு அளிப்பதே நம் கடமை. அதற்கான அளவுகோல் நம் அறநெறியிலேயே உள்ளது.

தீவினை மூன்று வழியில் நம்மை வந்தடையும் என்பர் ஆன்றோர்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். சமூக ஊடகத்தில் இம்மூன்றும் ஒரு விரலசைவில் நிகழ்ந்துவிடுகின்றன. வகுப்புத் தோழியின் படத்தைக் கேலி செய்து எழுதுவது செய்தல். அதனைப் பலருக்கு அனுப்பிப் பரப்பத் தூண்டுவது செய்வித்தல். அதற்கு விருப்பக் குறி இடுவது உடன்படுதல். “நான் எழுதவில்லையே, அனுப்பினேன், அவ்வளவுதானே!” என்னும் பிள்ளைக்கு இதனை எடுத்துரைக்க வேண்டும்.

அனுப்புவதால் என்ன நேரும் என்பதற்கு நம் மாவட்டமே சான்று. 2018-ஆம் ஆண்டு மே மாதம் போளூரை அடுத்த அத்திமூரில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலைத் தேடி ஒரு குடும்பத்தினர் வந்தனர். அவர்களுள் ஒரு மூதாட்டி, வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்போர் உலவுகின்றனர் என்னும் பொய்ச்செய்தி அந்நாளில் வாட்ஸப் வழியே ஊர்தோறும் பரவியிருந்தது. அன்போடு கொடுத்த மிட்டாயே ஐயத்திற்கு இடமாயிற்று. கூட்டம் தாக்கியதில் அம்மூதாட்டி உயிரிழந்தார். உடன் வந்தோர் காயமுற்றனர். தாக்கியோர் பலர் கைதாயினர். அப்பொய்யைக் கைமாற்றியோரை எண்ண இயலுமா? அவர்களுள் பலர், குழந்தைகளைக் காக்கும் நல்லெண்ணத்தோடே அனுப்பியிருப்பர்.

அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப இயலாதவாறு வாட்ஸப் நிறுவனம் வரம்பு கட்டியது. அவ்வரம்புக்கு முன்பே நம் உள்ளத்தில் ஒரு வரம்பு வேண்டும். தறியில் இழை பிசகினால் நெய்தவரே பிரித்துச் சரிசெய்துவிடலாம். நூறு வீடு புகுந்த பொய்யை எவர் பிரித்தெடுப்பார்?

ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் பகிருமுன் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: இது மெய்யா? எவரையேனும் புண்படுத்துமா? இதனால் யாருக்கேனும் நன்மை உண்டா?

பெற்றோர் செய்ய வேண்டுவனவும் உள. வாட்ஸப், இன்ஸ்டாகிராம் முதலியன 13 வயது நிறையாதோர்க்கு உரியன அல்ல. வயதை மாற்றிக் கணக்குத் தொடங்கித் தருவது பிள்ளைக்கு நாமே பொய்யைக் கற்பிப்பதாகும். இரவில் வீட்டார் அனைவரின் கைப்பேசிகளும் கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும். முகமறியாதவர் படம் கேட்டாலோ, மிரட்டினாலோ, பிள்ளை அஞ்சாமல் நம்மிடம் வந்து சொல்லும்படி நாம் நடந்துகொள்ள வேண்டும். முதல்முறை சீறினால் மறுமுறை மறைத்துவிடும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இணையவழிப் பண மோசடிக்கு 1930. இவ்விரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். ஆராயாத மருத்துவக் குறிப்புகளைக் குடும்பக் குழுவில் நாமே அனுப்பிக்கொண்டு பிள்ளைக்கு அறிவுரை கூறுவதில் பயனில்லை.

இதே கருவி நற்பணிக்கும் உதவும். திருமலையின் நெடிய நேமிநாதர் திருவுருவத்தையும் குந்தவை ஜினாலயத்தையும் பிள்ளைகள் படமெடுத்து, தாத்தா பாட்டி கூறும் விளக்கத்தோடு பகிரலாம். பாவு, ஊடை, நாடா என நெசவாளர் வழங்கும் சொற்களைக் குரலோடு பதிவு செய்யலாம். அயலூர் வாழும் நம் உறவினர்க்கு அது பெருவிருந்தாகும்.

மனத்தாலும் மொழியாலும் மெய்யாலும் எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாமையே நம் நெறி. கைப்பேசியைத் தொடும் விரலும் அம்மெய்யின் பகுதியே என்பதை நம் செல்வங்களுக்கு உணர்த்துவோம். வாழ்க அறம்!