பழைய கடைகளுக்காக ஏங்குவது யார்?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஸ்பென்சர் பிளாசாவின் ஆளில்லாத நடைபாதைகளைப் படம் பிடித்துப் போடும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இழுத்து மூடிய ஷட்டர்கள், பின்னணியில் தொண்ணூறுகளின் சினிமாப் பாட்டு, கீழே வரிசையாகப் பெருமூச்சுகள். அந்தப் பெருமூச்சு இன்னும் பின்னால் போய், 'மால் வந்துதான் எங்கள் தெருவின் அண்ணாச்சி கடையை அழித்தது, அந்தக் காலக் கடையில் மனிதர்கள் இருந்தார்கள்' என்ற இடத்தில் நிற்கிறது. இந்த ஏக்கம் யாருடையது என்று கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் மால்கள் ஏன் காலியாகின்றன என்று பார்ப்போம். ஸ்பென்சர் 1863-இல் வெள்ளைக்காரர்களுக்கான கடையாகத் தொடங்கியது. பழைய சிவப்புக் கட்டடம் 1980-களின் தொடக்கத்தில் தீயில் போனது. அதே இடத்தில் தொண்ணூறுகளில் எழுந்ததுதான் நாம் அறிந்த பிளாசா. இப்படிப்பட்ட முதல் தலைமுறை வளாகங்களில் கடைகளைத் தனித்தனியாக விற்றுவிட்டார்கள். உரிமையாளர்கள் பலர்; எந்தத் தளத்தில் எந்தக் கடை வரலாம், பழுதானதை யார் மாற்றுவது என்று முடிவெடுக்க ஒருவர் இல்லை. பின்னால் வந்த எக்ஸ்பிரஸ் அவென்யூ (2010), வேளச்சேரி பீனிக்ஸ் (2013) போன்றவை ஒரே நிர்வாகத்தின் கீழ் வாடகைக்கு விடப்படுபவை. கூட்டம் அங்கே போனது. மிச்சத்தைக் கைபேசிச் செயலிகள் எடுத்துக்கொண்டன. 40 விழுக்காட்டுக்கு மேல் காலியாகக் கிடக்கும் வளாகங்களுக்குப் 'பேய் மால்' என்று பெயர் வைத்த நைட் ஃபிராங்க் நிறுவனம், இந்தியாவின் முதல்நிலை நகரங்களில் 2023-இல் அப்படி 64 இருந்ததாகக் கணக்குச் சொன்னது. ஆக இது முதலீட்டின் கதை. லாபம் இடம் மாறினால் கட்டடம் பேயாகும்.

ஆனால் ஏக்கம் என்பது முதலீட்டின் கதை இல்லை. அது நினைவின் கதை. நினைவுக்குச் சாதி உண்டு.

என் அம்மா விழுப்புரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய சிறுவயது மளிகைக் கடையைப் பற்றி ஒருநாளும் ஏக்கத்தோடு பேசியதில்லை. கடைக்குத் திண்ணை இருந்தது, அதில் ஏறக்கூடாது. வாசலில் நின்று, ஊர்க்காரர்கள் வாங்கி முடிக்கும்வரை காத்திருந்து, "சாமி" என்று கூப்பிட வேண்டும். காசைத் தரையில் வைக்க வேண்டும். கடைக்காரர் தண்ணீர் தெளித்து எடுப்பார். பொட்டலம் மேலிருந்து ஏந்திய பாவாடையில் விழும். "புளி ஈரமா இருக்குன்னு திருப்பிக் கொடுக்க முடியாது. நாம தொட்டத அவர் எப்படித் திரும்ப வாங்குவார்?" என்பார் அம்மா. கலப்படத்துக்கும் எடைக்குறைவுக்கும் தீண்டாமை எப்படிக் காவல் நின்றது என்பதை எந்த ஆய்வுக் கட்டுரையும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அந்தக் காலக் கடைக்காரருக்கு எல்லோரையும் பேர் சொல்லித் தெரியும் என்று மெச்சுகிறோம். உண்மைதான். பேர் தெரியும், அப்பன் பேர் தெரியும், ஊரா காலனியா என்பதும் தெரியும். அந்தத் 'தெரிந்த' உறவில் சிலருக்குக் கடனும் ஒரு துண்டு வெல்லமும் கிடைத்தன. சிலருக்குத் திண்ணைக்குக் கீழே இடம் கிடைத்தது.

அரசியல் சட்டத்தின் 15(2)-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் ஆகியவற்றின் பெயரால் எந்தக் குடிமகனுக்கும் எங்கெல்லாம் நுழைவு மறுக்கப்படக் கூடாது என்ற பட்டியலில் முதலில் வருவது கடை. கிணறும் குளமும் அதற்குப் பிறகுதான். 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, கடை என்றால் என்ன என்ற கேள்வி எழுந்தது. சலவைக் கடை, சவரக் கடை சேருமா என்றார்கள். பாபாசாகேப் அம்பேத்கர் அந்தச் சொல்லை அதன் முழு அகலத்துக்கும் விரித்தார். நாடி வரும் எவருக்கும் தன் சேவையைத் தர ஒருவர் ஆயத்தமாக இருக்கும் இடமே கடை என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவும் அதே நாளில்தான் ஏற்கப்பட்டது. கடைத்திண்ணையைத் தீண்டாமையின் மையங்களில் ஒன்றாகப் பார்த்தவர் அவர். அந்த விளக்கத்தின்படி, என் அம்மா நின்ற இடம் கடையே இல்லை.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் கேட்டு வந்த பட்டியல் சாதிக் குழந்தைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, இனி உங்களுக்குத் தர முடியாது என்று கடைக்காரர் சொன்ன காணொளி வெளிவந்தது. அவர் கைதானார், கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. அந்தக் குழந்தைகளின் முகத்தைப் பார்த்த பிறகும் 'அந்தத் தெருக்கடையின் அன்பு' என்று பொத்தாம்பொதுவாகப் பேச நமக்கு வாய் வரக்கூடாது.

ஆகவே மால் நம்மை விடுதலை செய்ததா? செய்யவில்லை. ஆனால் ஒன்றைக் கொடுத்தது. விலை ஒட்டிய பொருள், பேர் கேட்காத கல்லா, ஒன்றும் வாங்காமலே சுற்றிவரக் கூடிய நடைபாதை. சொந்த ஊரில் எங்கே போனாலும் 'இன்னார் பிள்ளை' என்று அடையாளம் காணப்படுகிற ஒரு பையனும் பெண்ணும், சாதி தாண்டிக் காதலித்தால், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச ஸ்பென்சரில் இடம் இருந்தது. அந்த முகமின்மையைக் குறையாகப் பார்ப்பவர்கள், முகம் தெரிந்ததால் அடி வாங்காதவர்கள். கூட்டம் நம்மைக் காப்பாற்றிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்கத்தான் சங்கரை வெட்டினார்கள்.

மாலின் வாசலிலும் ஒரு திண்ணை உண்டு. அது சாதியை வாய்விட்டுக் கேட்பதில்லை. உடையைப் பார்க்கிறது, நிறத்தைப் பார்க்கிறது. 2023 மார்ச்சில் சென்னைத் திரையரங்கு ஒன்றில், கையில் சீட்டு இருந்தும் நரிக்குறவர் குடும்பத்தை வாசலில் நிறுத்தினார்கள். காணொளி பரவிய பிறகுதான் நாடெங்கும் பேச்சானது. 2024 ஜூலையில் பெங்களூரு மால் ஒன்றில் வேட்டி கட்டி வந்த முதிய விவசாயியை உள்ளே விடவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், பளபளக்கும் தரையைத் துடைப்பவர்களும் கழிப்பறையைக் கழுவுபவர்களும் யார்? ஒப்பந்தக்காரரின் பெயர் மாறும். அந்த வேலைக்கு வரும் தெருக்கள் மாறுவதில்லை. துணிக்கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-இல் ஒரு சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. மால் மூடும்போது முதலில் தெருவுக்கு வருகிறவர்களும் இவர்களே. பெருமூச்சுக் காணொளிகளில் இவர்கள் வருவதில்லை.

அண்ணாச்சி கடையைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, தோள்சீலைக்குப் போராடிய ஒரு சமூகம், உறவின்முறையும் மகமையும் சேர்த்து, கடையைப் பிடித்து மேலேறிய வரலாறு அதற்குள் இருக்கிறது. அதை மதிக்கிறேன். ஆனால் அதே ஏணி பட்டியல் சாதியினருக்கு ஏன் கிடைக்கவில்லை? நிலம் இல்லை, முதல் இல்லை. அதைவிட, அவர்கள் கையால் போட்ட டீயை ஊர் குடிக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் நாட்டு மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக இருந்த பட்டியல் சாதியினரிடம், 2013-14 பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, தனிநபர் உரிமையிலான தொழில்களில் 11.4 விழுக்காடுதான் இருந்தது. அவற்றிலும் ஆளே வைக்காத சிறுதொழில்கள்தான் ஏராளம். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் உரிமையோடு, அந்தப் பக்கம் உட்காரும் உரிமையும் நம் கோரிக்கையாக வேண்டும்.

எல்லா ஏக்கமும் பொய் என்று முடிக்க மாட்டேன். 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டை நினைத்து ஒரு ஏழை மாணவர் வருந்தினால் அந்த வருத்தம் நமதும்தான். பழைய புத்தகத்தைப் பாதி விலைக்கும் குறைவாக வாங்கிப் படித்த தலைமுறை அது. அந்த இடத்தில் இன்று ரயில் நிலையம் நிற்கிறது. இழந்ததை அளக்க ஒரே அளவுகோல்தான்: அங்கே யாரெல்லாம் தலைநிமிர்ந்து நுழைய முடிந்தது?

ஆகவே உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஊர்க் கடைகளை எண்ணுங்கள். எத்தனை கடைகள், யாருடையவை, டீக்கடை பெஞ்சில் யார் உட்காருகிறார்கள், குவளை ஒன்றா இரண்டா என்று எழுதுங்கள். பேரூராட்சியின் பேருந்து நிலையக் கடைகள் ஏலத்தில் யார் கைக்குப் போயிருக்கின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பொருள் தர மறுத்தால், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்துக்குப் பிறகு, தெளிவாகவே குற்றம் என்கிறது. புகார் கொடுங்கள், கூட நில்லுங்கள். 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் 'பிராமணாள்' பலகைக்கு எதிராகப் பெரியார் இயக்கத் தோழர்கள் நாள்தோறும் போய் நின்று கைதானார்கள். ஒரு கடையின் பெயர்ப்பலகைக்கு இவ்வளவா என்று அன்றும் சிலர் சிரித்தார்கள்.

மால் போகட்டும், வரட்டும். அதை முதலீடு பார்த்துக்கொள்ளும். அம்பேத்கர் சொன்ன பொருளில் ஒரு கடை நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறதா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். ஜெய்பீம்.