தொட்டிக்குள்ளே ஒரு ரயில்



தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பெரிதும் காரணம் வானமா, வீடா? ‘வானம்தான்’ என்று எதிரணித் தலைவர் கையை மேலே காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் வேறொரு கையைக் காட்டுகிறேன். கழிப்பறையிலே பொத்தானை அமுக்குகிறதே, அந்தக் கை!

2019-ஆம் வருஷக் கோடை ஞாபகம் இருக்கிறதா? புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு போச்சு. ஜூலை 12-ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து நம்ம வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர்.

இப்போ ஒரு கணக்கு. பழைய ஃப்ளஷ் தொட்டி, ஒரு தடவைக்கு 10 லிட்டர் என்று வையுங்கள். வீட்டிலே நாலு பேர், ஆளுக்கு ஐந்து தடவை. ஒரு நாளைக்கு 200 லிட்டர். அந்த ரயில் தண்ணீர் மொத்தமும் 12,500 வீட்டுக் கழிப்பறைக்கு ஒரே நாளைக்குத்தான் காணும்! குடிக்க ஒரு சொட்டு மிஞ்சாது!

ஊற்றின தண்ணீர் மறைந்தா போகிறது? நல்ல தண்ணீரைச் சாக்கடையாக்கி, சுத்தம் பண்ணாமல் கூவத்திலும் ஏரியிலும் விட்டு, பக்கத்திலேயே போர் போடுகிறோம்!

வேறு வழி இல்லையா? திருச்சி மாவட்டம் முசிறிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ‘ஸ்கோப்’ என்ற தொண்டு நிறுவனம் வைத்த பொதுக் கழிப்பறையிலே ஃப்ளஷ் கிடையாது. மலம் தனியே, சிறுநீர் தனியே, கழுவுகிற நீர் தனியே. மலம் உலர்ந்து உரமாகும். சிறுநீர் பயிருக்குப் போகும். மற்ற ஊரிலே உள்ளே போக நாம் காசு கொடுக்கிறோம். 2008-இல் முசிறியிலே, போய்விட்டு வந்தவருக்கு அவர்கள் காசு கொடுத்தார்கள்! ஸ்கோப்பை நடத்தும் சுப்புராமன் அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

‘அதற்காக வீட்டை இடிக்கச் சொல்கிறீர்களா?’ என்பார்கள். வேண்டாம் அம்மா. தொட்டியிலே நாலு சொட்டு நீலம் விடுங்கள். அமுக்காமலே பீங்கானிலே நீலம் தெரிந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒரு லிட்டர் பாட்டிலிலே தண்ணீர் நிரப்பித் தொட்டிக்குள் நிறுத்துங்கள். தடவைக்கு ஒரு லிட்டர் மிச்சம். துணி அலசின தண்ணீரை வாளியிலே பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டு பொத்தான் தொட்டி வாங்குங்கள். சின்னதுக்கு 3 லிட்டர், பெரியதுக்கு 6 லிட்டர் போதும்.

நடுவர் அவர்களே! வானத்தைத் திருத்த நமக்கு அதிகாரம் இல்லை. வீட்டைத் திருத்த யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. காரணம் வீடுதான் என்று தீர்ப்பளியுங்கள். கைவசம் மருந்து இருக்கிற நோய் அது ஒன்றுதான்.