மனைவிக்கும் எதற்கு ரத்தப் பரிசோதனை?



கணவருக்கு டி.பி. என்று தெரிந்ததும் மனைவிக்கும் ரத்தம் எடுப்பதுண்டு. அவளுக்கும் 'பாசிட்டிவ்' என்று சீட்டு வந்தால், தாய் வீட்டுக்கு அனுப்பிடலாமா என்று பேச்சு கிளம்பும். வேண்டாமுங்க.

அந்தச் சோதனை கிருமியைத் தேடுவதில்லை. 1957-ல் லண்டனில், வைரஸை எதிர்க்கும் பொருளாக இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தார்கள். அதே குடும்பத்துப் புரதம் காமா இன்டர்ஃபெரான். டி.பி. கிருமியை ஏற்கெனவே சந்தித்த வெள்ளணுக்கள், அதை மறுபடி கண்டால் இந்தப் புரதத்தைச் சுரக்கும். எடுத்த ரத்தத்தோடு கிருமியின் புரதத் துணுக்குகளைச் சேர்த்து, உடம்புச் சூட்டில் ஒரு ராத்திரி வைத்து, எலிசா முறையில் அளப்பார்கள். நிறம் ஏற ஏறப் புரதம் அதிகம். சின்ன வயசில் போட்ட பி.சி.ஜி. ஊசி இதைக் குழப்பாது.

பாசிட்டிவ் என்றால் கிருமி உள்ளே புகுந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். நோய் உண்டா என்பதை எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்வார். நோய் இல்லையென்றால் அவளிடமிருந்து யாருக்கும் தொற்றாது. தடுப்பு மாத்திரை உண்டு, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். 5 வயதுக்குட்பட்ட பிள்ளையை இந்தச் சோதனைக்குக் காத்திராமல் உடனே காட்டுங்கள்.

1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்விலேயே, வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை என்று தெரிந்தது. சீட்டோடு இருவருமாகவே வாருங்கள்.