பூஞ்சணம் வளர்த்த பூ

மலையகத்தில் பூஞ்சணத்துக்கு நல்ல பெயர் கிடையாது. 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் மஞ்சள் தூளாகத் தெரிந்த துருநோய், ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அந்தப் பயிரையே ஒழித்துவிட்டது. கோப்பி அழிந்த நிலத்தில் தேயிலை பரவியது. 1946இல் தேயிலைக்கும் கொப்புள நோய் வந்தது; இன்றும் மழைக்காலத்தில் இளங்கொழுந்தில் அது தலைகாட்டும். இரண்டும் பூஞ்சணத்தின் வேலை.

அதே ஈரத்தில் இன்னொரு வகைப் பூஞ்சணம் ஒர்க்கிட் பூவை வளர்க்கிறது. பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலித்தாய் என்பது அகத்திணை படித்தவர்களுக்குத் தெரியும். இங்கே பூஞ்சணமே செவிலி.

ஒரு பயற்றைப் பிளந்து பாருங்கள். இரண்டு பருப்பும் முளைக்காகத் தாய் கட்டிக்கொடுத்த சோறு. ஒர்க்கிட் விதைக்கு அந்தக் கட்டுச்சோறு இல்லை. ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதைகள், சில இனங்களில் இலட்சக்கணக்கு. தூசியாகக் காற்றில் போகும். விழுந்த இடத்தில் உகந்த பூஞ்சணம் இருந்தால்தான் பிழைப்பு. அதன் இழை விதைக்குள் நுழைந்து, கலங்களுக்குள் நூற்பந்துபோலச் சுருண்டு கிடக்கும். அந்தச் சுருளைச் செரித்தே முளை வளரும். பச்சை இலை விடும்வரை, மாதக்கணக்கில், சில இனங்களில் ஆண்டுக்கணக்கில், இதுதான் உணவு.

இதை 1899இல் கண்டறிந்தவர் நொயெல் பேர்னார் என்ற பிரான்சியத் தாவரவியலாளர். 36 வயதிலே, 1911இல், அவர் மறைந்தார். பூஞ்சணம் இல்லாமல் சீனிக் கலவையிலும் விதையை முளைக்கவைக்கலாம் என்று 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன் காட்டினார். ஒர்க்கிட் கன்றுகள் போத்தலில் வளர்ந்து கடைக்கு வருவது பரவலானது அதன் பிறகே.

பாடநூல் இதனை ஒன்றியவாழ்வு என்கிறது. எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் மென்மையாகவே படுகிறது. பூஞ்சணம் மிஞ்சினால் முளை சாகும். முளை வென்றால் இழை செரிந்துபோகும். வளர்ந்த செடி, செவிலிக்குக் கைமாறாகச் சர்க்கரை கொடுப்பதும் உண்டு. பச்சை இலையுள்ள ஓர் ஒர்க்கிட்டில் இதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் 2006இல் உறுதிசெய்தார்கள். பச்சை இலையே விடாத ஒர்க்கிட்டுகளும் இருக்கின்றன. அவை கடைசிவரை செவிலியின் சோற்றில் இருப்பவை!

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தோட்டங்களுக்கிடையே மிஞ்சிய காட்டுத் துண்டுகளில், பாசி பிடித்த கிளைகளில் ஒர்க்கிட்டைக் காணலாம். புல்லுருவி என்று நினைத்து வெட்டி எறிவோர் உண்டு. பாவம், அது மரத்தை உறிஞ்சுவதில்லை; ஒட்டியிருக்க இடம் கேட்கிறது, அவ்வளவுதான்.

பத்தனைப் புல்வெளிகளில் மஞ்சளாகப் பூக்கும் தரை ஒர்க்கிட் ஒன்று இலங்கைக்கே உரியது. சிங்களத்தில் நாகமரு அல என்பார்கள். அதன் கிழங்கை வசிய மருந்தென்று நம்பித் தோண்டினார்கள். கிழங்கைத் தோண்டினால் ஒரு செடி போகும். புல்வெளியையே கொத்திப் பயிரிட்டால், அடுத்த விதையை ஏந்த வேண்டிய செவிலியும் போய்விடுகிறாள்.

காட்டிலிருந்து பெயர்த்து வந்து வீட்டுத் தூணில் கட்டிய செடியும் சில வருடம் பூக்கத்தான் செய்யும். காய் வெடித்தால் விதையும் பறக்கும். சீமெந்து வாசலில் விழுந்தது காலையில் விளக்குமாற்றோடு போய்விடும்.