சோறு தின்ற தோல்



இந்த ஒலிப்பதிவு அறையில் என் முன்னால் இரண்டு கொட்டுகள் இருக்கின்றன. ஒன்று, பேரனுக்குத் திருவிழாக் கடையில் வாங்கியது. ஒரு வளையத்தில் தோலை இழுத்து ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மற்றது மிருதங்கம். எனக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்த ஒருவரிடம் இரவல் வாங்கி வந்திருக்கிறேன். முதலில் சின்னக் கொட்டைத் தட்டுகிறேன். 'டப்'. இதற்கு என்ன சுருதி என்று கேட்டால், தம்பூராவோடு விடிய விடிய உட்கார்ந்தாலும் சொல்ல முடியாது. இப்போது மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் ஓரமாக ஒரு தட்டு. 'நம்...'. இதற்குச் சுருதி உண்டு. வேண்டுமானால் நீங்கள் கூடவே ஷட்ஜம் பிடிக்கலாம்.

இரண்டும் தோல்தான். ஒன்று சுருதியில் நிற்கிறது, மற்றது நிற்க மறுக்கிறது. ஏன் என்ற கேள்வி, கல்லூரியில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்திய எனக்கு வெகு காலம் தோன்றவே இல்லை. முதுகலை வகுப்பில் 'வட்டத் தோலின் அதிர்வு' என்று ஒரு பாடம் வரும். கரும்பலகை நிறைய பெஸ்ஸல் சார்புகளை எழுதி, கடைசியில் 1, 1.59, 2.14, 2.30 என்று நான்கு எண்களைப் போட்டு, "ஆகவே கொட்டு என்பது சுருதிக் கருவி அல்ல" என்று வருஷா வருஷம் முடிப்பேன். ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், அப்ப நாங்க கச்சேரிக்கு முன்னாடி கல்லை வச்சுத் தட்டித் தட்டி என்னத்த சார் சேக்கிறோம்?" அவன் மிருதங்கம் வாசிக்கிற பையன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். பதில் தெரியவில்லை என்பதை மறைக்க அப்போது வேறு வழி அகப்படவில்லை.

அந்த நான்கு எண்களைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். சங்கீதம் கேட்கிறவர்களுக்கு இது கணக்கே அல்ல. ஒரு கம்பியை மீட்டினால் அது ஒரே ஓசையை எழுப்புவதில்லை. முழுக் கம்பியும் ஆடுகிற அதே நேரத்தில், பாதி பாதியாகவும், மூன்றாகவும், நான்காகவும் பிரிந்து ஆடுகிறது. அடியோசையை 1 என்று வைத்தால் மற்றவை 2, 3, 4, 5 என்று சுத்தமாக வரும். அடியோசை ஷட்ஜம் என்றால் 2 மேல் ஷட்ஜம், 3 அதற்கும் மேலே உள்ள பஞ்சமம், 4 மறுபடி ஷட்ஜம், 5 அந்தர காந்தாரம். வீணையில் ஒரே ஒரு மீட்டில் ச, ப, க மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக ஒளிந்திருக்கின்றன. காது அதை ஒரே சுரமாகக் கேட்டு மகிழ்கிறது.

வெறும் தோலில் இது நடக்காது. 1.59 என்பது பஞ்சமத்தைத் தாண்டிப் போய் சுத்த தைவதத்தின் வாசலில் நிற்கிறது. 2.14 மேல் ஷட்ஜத்தைத் தாண்டி சுத்த ரிஷபத்தை உரசுகிறது. 2.30 ரிஷபத்திலும் சேராது, காந்தாரத்திலும் சேராது. நாலு பேர் நாலு சுருதியில் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் என்ன கேட்குமோ, அதுதான் அந்த 'டப்'. ஐரோப்பாவின் ஒலியியல் நூல்கள் கொட்டுகளைச் சுருதி வகையில் சேர்க்கத் தயங்கியதற்கும் இதுதான் காரணம். அவர்கள் எழுதியதில் தவறு இல்லை. அவர்கள் முன்னால் இருந்த தோல் அப்படி.

பையனின் கேள்விக்குப் பதில் 1920-லேயே அச்சில் வந்திருந்தது. எழுதியவர் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன், உடன் எழுதியவர் சிவகாளி குமார். இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு. இசைச் சுருதியில் மேலோசைகள் தரும் கொட்டுகள் என்பது தலைப்பின் பொருள். ராமன் என்றால் நமக்கு 1930-ல் கிடைத்த நோபல் பரிசு நினைவுக்கு வரும், கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்பது நினைவுக்கு வரும். அதற்கெல்லாம் முன்பு, கல்கத்தாவில் இருந்த காலத்தில், அவர் வயலின், வீணை, தம்பூரா, மிருதங்கம், தபலா என்றுதான் அலைந்திருக்கிறார். விட்டுவிடவும் இல்லை. நோபல் வாங்கி நான்கு வருஷம் கழித்து, 1934-ல், தானே தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில், முதல் தொகுதியிலேயே, இந்திய இசைக் கொட்டுகளைப் பற்றி விரிவாக எழுதினார். பரிசு வாங்கிய பிறகும் ஒருவர் மிருதங்கத்துக்குத் திரும்பி வந்தார் என்பதை நான் ஓய்வு பெறும் வயதில்தான் படித்தேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்கு அது கண்ணில் படவில்லை.

அவர் செய்த சோதனை எளிமையானது. வலந்தலையின் மேல் நைஸான மணலைத் தூவினார், வாசித்தார். எந்த இடம் ஆடுகிறதோ அங்கிருந்து மணல் துள்ளி ஓடிவிடும். ஆடாத இடத்தில் போய்க் கோடாகப் படியும். அந்தக் கோடுகளைப் படம் பிடித்தார். ஒரு தட்டுக்கு, நட்ட நடுவே தோலை இரண்டாகப் பிளந்தது போல ஒற்றைக் கோடு. இன்னொரு தட்டுக்கு, பெருக்கல் குறி போல இரண்டு கோடுகள். இப்படி ஒன்பது விதமான ஆட்டங்களை அவர் கண்டார். வியப்பு இனிமேல்தான். ஒன்பது ஆட்டங்களும் ஒன்பது ஓசை தரவில்லை. ஐந்தே ஓசைகளில் அடங்கின. முதல் இரண்டும் தனித்தனி. அடுத்த இரண்டு சேர்ந்து மூன்றாவது ஓசை. இன்னும் இரண்டு சேர்ந்து நான்காவது. மீதி மூன்றும் சேர்ந்து ஐந்தாவது. அந்த ஐந்தும் 1, 2, 3, 4, 5. கம்பி தருகிற அதே வரிசை.

இதைச் செய்தது யார் என்றால், வலந்தலையின் நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம். புத்தகத்தில் அதன் பெயர் கரணை. தொழிலில் இருப்பவர்கள் சோறு என்பார்கள், சாதம் என்பார்கள். கிட்டம் என்ற இரும்புச் சத்துள்ள கல்லை மாவாகப் பொடித்து, வடித்த சோற்றோடு பிசைந்து, தோலின் நடுவே பூசுவது. நடுவில் பாரம் ஏறினால் என்ன ஆகும்? தோல் முழுவதுமாக மேலும் கீழும் ஆடுகிறபோது நடுப்பகுதிதான் அதிகம் ஆடும். பாரத்தைச் சுமக்க வேண்டியதும் அதுவே. ஆகவே அடியோசை நன்றாகத் தாழ்ந்துவிடும். குறுக்கே கோடு விழுகிற இரண்டாவது ஆட்டத்தில் நடுப்பகுதி ஏறக்குறைய அசையாமல் இருக்கும். அதனால் அந்த ஓசையைப் பாரம் அவ்வளவு பாதிக்காது. கீழே இருந்தது இன்னும் கீழே போக, மேலே இருந்தது பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நிற்க, 1.59-ஆக இருந்த இடைவெளி விரிந்து விரிந்து 2 ஆகிறது. அங்கே நிறுத்த வேண்டும். ஒரு பூச்சு கூடினாலும் தாண்டிவிடும், குறைந்தாலும் எட்டாது. சுற்றி வளையமாக இருக்கிற மீட்டுத் தோலுக்கும் வேலை உண்டு. ஐந்துக்கு மேலே எழுகிற உதவாத ஓசைகளை அது அமுக்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'நம்' வாசிக்கிறவர் கையைக் கவனித்திருக்கிறீர்களா? மோதிர விரல் கரணையின் ஓரத்தில் லேசாக ஊன்றியிருக்கும், ஆள்காட்டி விரல் மீட்டில் தட்டும். ஊன்றிய விரல் அடியோசையை எழவிடாமல் பிடித்துக்கொள்கிறது. விரல் இருக்கும் இடம் இரண்டாவது ஆட்டத்தில் எப்படியும் ஆடாத இடம் என்பதால் அதற்குத் தொந்தரவு இல்லை. ஆக, மிருதங்கத்தின் சுருதி என்று நாம் சேர்க்கிறோமே, அது அந்தத் தோலின் அடியோசை அல்ல, இரண்டாவது ஓசை. ஏழு வயதுப் பிள்ளை முதல் நாள் பாடத்தில் 'த தி தொம் நம்' என்று விரலை வைக்கும்போதே இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இடது பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். அங்கே நிரந்தரச் சோறு கிடையாது. கச்சேரிக்கு முன் ரவையை நனைத்து அப்பி, முடிந்ததும் வழித்துவிடுவார்கள். காரணம் அதே பாரம்தான். இங்கே வேண்டியது தாழ்ந்த கார்வை.

மிருதங்கத்தின் ரீங்காரத்துக்கு வருமுன் தம்பூராவைப் பற்றி ஒரு வரி. கம்பியை மீட்டும் இடத்தில் எந்த ஆட்டத்துக்கு அசைவே இல்லையோ அந்த ஓசை எழாது என்பது விதி. வளைந்த குதிரையும் அதில் செருகிய நூலும் சேர்ந்து தம்பூராவில் அந்த விதியைப் பொய்யாக்குகின்றன என்று 1921-ல் ராமன் எழுதினார். அந்த நூலை நாம் ஜீவா என்கிறோம். மிருதங்கத்தில் மீட்டுக்கும் உள்தோலுக்கும் நடுவே குச்சி செருகுகிறார்களே, அதன் ரீங்காரத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஜீவாவின் நினைவு வரும். குச்சிக்குப் பதில் சிறு கல் துணுக்குகளை வைத்தால் அது கப்பி மிருதங்கம். எது உயர்வு என்ற சண்டையில் நான் தலையிட மாட்டேன்.

ராமனிடம் எனக்கு ஒரு குறை உண்டு. இந்த அறிவை எல்லாம் அவர் பண்டைக்கால முன்னோர்களின் கணக்கில் வரவு வைத்தார். பரதரின் நாட்டிய சாஸ்திரத்திலேயே தோலின் மேல் மண் பூசுவது பற்றி இருக்கிறது, பழமை உண்மைதான். ஆனால் அவர் மணல் தூவிய மிருதங்கத்தை யாரோ ஒருவர் கட்டியிருப்பாரே. அந்த ஆள் எந்த முன்னோரும் அல்ல, அன்று உயிரோடு இருந்தவர். ஆடு, மாடு, எருமை மூன்றின் தோலும் சேராமல் ஒரு மிருதங்கம் உருவாகாது. அந்தத் தோலை ஊறவைத்து, மயிர் களைந்து, வார் பிடித்து இழுத்தவர்களைச் சபையில் யாரும் உட்கார வைத்ததில்லை. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களைக் கட்டிய பர்லாந்து போன்றவர்களின் கதை, பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020-ல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலில்தான் பலருக்குத் தெரிய வந்தது. வாசித்தவர் பெயர் தெரியும், அளந்தவர் பெயர் தெரியும். கட்டியவர் பெயருக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அந்த நூலைப் படித்த பிறகுதான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். பலாக்கட்டைகள் சுவரோரம் நின்றன. பெரியவர் ஒருவர் தரையில் உட்கார்ந்து வலந்தலைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சிட்டிகை எடுப்பார், வட்டமாகத் தடவுவார், வழவழப்பான கல்லால் தேய்ப்பார். ஈரம் போகிற வரை, மயிரிழை மயிரிழையாக வெடிப்பு விடுகிற வரை தேய்ப்பார். வெடிக்காவிட்டால் அது வெறும் ஓடு, தோலை ஆட விடாது. பிறகு அடுத்த சிட்டிகை, முந்தியதைவிடச் சின்ன வட்டம்.

"எத்தனை பூச்சு ஐயா போடணும்?" என்று கேட்டேன்.

"எண்ணிக்கை கிடையாது சார். தோல் கேக்கிற வரைக்கும் போடணும். ஒவ்வொரு தோலும் ஒரு மாதிரி தின்னும்."

கைப்பேசியில் அதிர்வெண் காட்டும் செயலி ஒன்றை வைத்திருந்தேன். அவர் தட்டிப் பார்க்கும்போதெல்லாம் நானும் ரகசியமாகப் பார்த்தேன். ஓரத்தில் வார் கோத்த பதினாறு கண்ணிலும் சுற்றிச் சுற்றித் தட்டினார். எனக்கு எண்கள் சரியாக இருப்பதாகப் பட்டது. அவர் தலையை ஆட்டினார். ஒரு தகட்டை எடுத்து, அரை மணி நேரம் தேய்த்து ஏற்றிய கடைசிப் பூச்சைச் சுரண்டத் தொடங்கினார்.

"ஏன் ஐயா, நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. 'நம்' வந்துடுச்சு. சாப்புத் தட்டு இன்னும் வரலை," என்றார். கறுப்புத் தூள் அவர் வேட்டியில் உதிர்ந்துகொண்டே இருந்தது.