ஓட வழியில்லாத பயம்



நாவல்களில் குழந்தைகள் என்பது இன்றைய கருத்தரங்கின் பொருள். நான் பேச எடுத்துக்கொண்டது பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. 2000இல் வெளிவந்த நாவல். வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பை 2004இல் கொண்டுவந்த தாரா பதிப்பகம் நம் திருவான்மியூரில்தான் இருக்கிறது. அந்த மொழிபெயர்ப்பு கிரியாமா பரிசின் இறுதிப் பட்டியல் வரை சென்றது. கால் நூற்றாண்டு வாசிப்புக்குப் பிறகும் கனம் குறையாத இந்த நூலைச் செவ்வியல் நாவல் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

கூளையன் கொங்கு நாட்டில் கவுண்டர் பண்ணயத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் சிறுவன். அவன் பயத்தை நடுக்கத்திலும் அழுகையிலும் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். ஆட்டின் மேல் எப்போதும் ஒரு கண், கவுண்டர் வீட்டு வாசலில் எட்டி நிற்கும் உடம்பு, செல்வனோடு விளையாடும்போதும் அவன் பண்ணயக்காரர் மகன் என்ற நினைப்பு: இவையெல்லாம் பயத்தின் வேலைதான். ஊர் அதற்கு வைத்திருக்கும் பெயர் அடக்கம்.

தேங்காய் திருடினான் என்று கவுண்டர் அவனைக் கட்டித் தலைகீழாகக் கிணற்றில் தொங்கவிடும் இடத்துக்கு வருவோம். மேய்ச்சல் பிள்ளைகளுக்குக் கிணறு என்றால் குதித்து நீந்திக் கும்மாளமிடும் இடம். தண்டனைக்கென்று தனியிடம் இருந்தால் பிள்ளை அதை ஒதுக்கிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். விளையாடும் இடத்திலேயே தண்டனை வந்து உட்கார்ந்துகொண்டால் எங்கே ஒதுங்குவது? அந்தப் பக்கங்களைக் கடந்த பிறகு, காட்டில் தன்னோடு ஆடு மேய்க்கும் நெடும்பனோடும் வவுறியோடும் அவன் சிரிக்கும் சிரிப்பை என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை.

ஆர்.கே. நாராயணின் சுவாமிநாதனும் பயந்த பிள்ளைதான். 1935இல் வந்த ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலில் அவன் தலைமையாசிரியரின் பிரம்பைப் பறித்து எறிகிறான், அப்பாவுக்குப் பயந்து ஊரை விட்டே ஓடுகிறான். அவனைத் தேடி அலைய ஒரு குடும்பம் இருக்கிறது. கூளையன் ஓடினால் தேடி வருகிறவர் ஆண்டை. அவன் உழைப்பு பெற்றோர் பட்ட கடனுக்கு ஈடு. இப்படிக் கடனுக்கு உழைப்பை ஈடாக வாங்கும் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. பயம் பிள்ளையின் சுபாவம் என்று எழுதும் திறனாய்வு இந்தக் கடனைப் பார்க்கத் தவறுகிறது. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

இன்று கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ‘பாவம், பயந்த குழந்தை’ என்று முடித்துவிடாதீர்கள். யாருக்குப் பயந்தது, பயந்து என்ன செய்தது, அந்தப் பயத்தால் யாருக்கு ஆதாயம் என்ற மூன்றுக்கும் நாவலின் பக்கங்களைக் காட்டிப் பேசுங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.