தடுத்தவர் யார் என்று சொல்லுங்கள்



பெங்களூரில் விதான சவுதாவுக்கு எதிரே சிவப்பாக நிற்கிறதே, அந்தக் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் எக்ஸ் நிறுவனம் இரண்டு முறை தோற்றது. 2023 ஜூன் 30-ல் ட்விட்டர் என்ற பெயரில், ஒன்றிய அரசின் தடை ஆணைகளை எதிர்த்த வழக்கில், 50 லட்சம் ரூபாய் அபராதத்தோடு. 2025 செப்டம்பர் 24-ல் பதிவுகளை நீக்கச் சொல்லி நிறுவனங்களுக்கு அறிவிப்பு அனுப்பும் ஒன்றிய அரசின் 'சகயோக்' தளத்தை எதிர்த்த வழக்கில். பேச்சுரிமை இந்தியக் குடிமக்களுக்குத்தான், வெளிநாட்டு நிறுவனம் அதைக் கோர முடியாது என்றது நீதிமன்றம்.

சரி, அப்படியே இருக்கட்டும். குடிமகன் எழுதியதை நீக்கும்போது அந்தக் குடிமகனை ஏன் கேட்பதில்லை? அரசு, சமூக ஊடக நிறுவனத்துக்கு எழுதுகிறது. நீக்காவிட்டால், பிறர் பதிவுக்குத் தான் பொறுப்பில்லை என்ற சட்டப் பாதுகாப்பு போய்விடுமே என்று நிறுவனம் நீக்குகிறது. எழுதியவர் பார்க்கும்போது பதிவைக் காணோம்! தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் தடுத்தாலோ, 2009-ஆம் ஆண்டு விதிகள் புகாரையே ரகசியம் என்கின்றன. எந்த ஆணையைக் காட்டி வழக்குப் போடுவது?

1987-ல் அட்டைப்பட கார்ட்டூனுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனைத் தமிழகச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. அநியாயம்தான். ஆனால் தண்டித்தது யார் என்று ஊருக்கே தெரிந்தது. ஊரே கொதித்தது. சில நாட்களில் விடுவித்தார்கள். பிறகு அவர் நீதிமன்றம் போய் 1,000 ரூபாய் இழப்பீடும் வாங்கினார்.

2025 பிப்ரவரி 15-ல் என்ன நடந்தது? பிரதமர் மோடி கை கால்களில் விலங்கோடு டிரம்ப் அருகே உட்கார்ந்திருக்கும் கார்ட்டூன். அந்த ஒரு படத்துக்காக விகடன் இணையதளமே பலருக்குத் திறக்கவில்லை. அரசிடமிருந்து அறிவிப்பு வரவில்லை என்று விகடனே சொன்னது. தடையா, கோளாறா என்று வாசகர்கள் விழித்தார்கள். மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. படத்தைத் தற்காலிகமாக எடுத்த பிறகே தளத்துக்கு வழி பிறந்தது.

குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களை, பெண்களின் முகத்தை ஒட்டிய போலி வீடியோக்களை உடனே நீக்குங்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எக்ஸ் நமக்குக் காவலன் என்றும் நான் நம்பவில்லை. அந்த நிறுவனமும் தன் இஷ்டத்துக்குக் கணக்குகளை முடக்குகிறது.

இணைச் செயலாளருக்குக் குறையாத அதிகாரியே நீக்கச் சொல்லலாம் என்று 2025 அக்டோபரில் தகவல் தொழில்நுட்ப விதியைத் திருத்தினார்கள். காவல்துறையில் டிஐஜி நிலை அதிகாரி. நல்லது. அந்த அதிகாரியின் கையெழுத்தை, பதிவை எழுதியவருக்கும் காட்டுங்கள்! நீக்கிய அதே நாளில், காரணத்தோடு, ஆணையின் நகல் அவர் கைக்கு வரவேண்டும். நிறுவனம் தானாக நீக்கினாலும் இதேதான்.

இதைக் கேட்டு ஒன்றிய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு அனுப்பும் மனு வாசலில் இருக்கிறது. படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.